‘ஹார்ட்-வயர்டு’ என்றால் என்ன?

கம்ப்யூட்டர் பற்றிப் படிக்கும்போது ‘ஹார்ட்-வயர்டு’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். ‘ஹார்ட்’ என்றால் கடினம் என எண்ணிப் பலர் குழம்புகிறார்கள். இங்கே அதன் பொருள் ‘நிலையாக, மாற்ற முடியாதபடி’ என்பதாகும்.

முதலில் நேர்ப்பொருளைப் பார்ப்போம். உங்கள் வீட்டு டேபிள் ஃபேனைப் பிளக்கைப் பிடுங்கி வேறு அறைக்குக் கொண்டு போகலாம். சீலிங் ஃபேனை அப்படி முடியாது. அதன் வயர் வீட்டு வயரிங்கோடு நேராக இணைக்கப்பட்டுள்ளது. சீலிங் ஃபேன்தான் ஹார்ட்-வயர்டு.

செல்லூரில் தறிச் சத்தத்தோடு வளர்ந்த எனக்கு இதைத் தறியில் காட்டுவது எளிது. சாதாரணத் தறியில் மிதிகட்டையும் விழுதும் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். நெசவின் அமைப்பு மாற வேண்டுமானால் கட்டையே மாற்றிக் கட்ட வேண்டும். ஜக்கார்டு தறியில் துளையிட்ட அட்டைகளை மாற்றினால் போதும், டிசைன் மாறிவிடும். பிரான்சில் ஜக்கார்டு இதை உருவாக்கியது 1804-ல். கட்டு என்பது ஹார்ட்-வயர்டு. அட்டை என்பது புரோகிராம்.

கம்ப்யூட்டரும் இதே வழியில்தான் வளர்ந்தது. 1946-ல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் கம்ப்யூட்டருக்குப் புதுக் கணக்கு கொடுக்க, கேபிள்களைப் பிடுங்கி மாற்றிச் செருக வேண்டும். இதற்கே நாள்கணக்கில் ஆகும். இன்று புரோகிராமை மாற்றினால் போதும்.

இனி உருவகப்பொருள். பிறவியிலேயே அமைந்த இயல்பையும் ஹார்ட்-வயர்டு என்பார்கள். பிறந்த குழந்தை பால் குடிப்பது அப்படி. யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆனால் இந்தச் சொல்லை எல்லாவற்றிற்கும் பொருத்திவிடக் கூடாது. எங்கள் தெருவில் பல ஆண்டுகள் நெசவு செய்த பெரியவர் ஒருவர், டபுள் கிளிக் விழவில்லை என்று மவுஸைத் தொடுவதையே விட்டுவிட்டார். “என் கை தறிக்குப் பழகினது தம்பி, இனி மாறாது” என்றார். மாற வேண்டியது அவர் கை அல்ல. கிளிக் வேகம் ஒரு செட்டிங் மட்டுமே.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் சென்று, ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’ பிரிவில் ‘மவுஸ்’ தேர்ந்தெடுங்கள். அதில் ‘அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ்’ கிளிக் செய்திடவும். கிடைக்கும் விண்டோவில் ‘டபுள் கிளிக் ஸ்பீட்’ என்ற இடத்தில் உள்ள ஸ்லைடரை ‘ஸ்லோ’ பக்கம் நகர்த்துங்கள். அருகில் உள்ள ஃபோல்டர் படத்தில் டபுள் கிளிக் செய்து சோதித்துப் பார்த்து, ஓகே கொடுங்கள். அதுவும் சிரமமா? ஐகானை ஒருமுறை கிளிக் செய்து என்டர் கீயைத் தட்டுங்கள். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் இதே மவுஸ் பிரிவில் பட்டன்களை இடம் மாற்றிக் கொள்ளலாம்.

மூளையும் முழுவதும் ஹார்ட்-வயர்டு அல்ல. லண்டன் டாக்சி டிரைவர்களை ஸ்கேன் செய்து 2000-ல் வெளியான ஆய்வில், இடங்களையும் வழிகளையும் நினைவில் வைக்க உதவும் மூளைப் பகுதியின் பின்புறம் அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. வண்டி ஓட்டிய ஆண்டுகள் கூடக் கூட அதன் அளவும் கூடியிருந்தது. பழகப் பழக மூளையும் மாறும் என்பதற்கு இது ஒரு சான்று.

எனவே ‘இது எனக்கு வராது’ என்று ஒதுங்கும் முன், செட்டிங்ஸில் ஒருமுறை தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு ஸ்லைடர் இருக்கும்.