ட்வீட்டரை நிறுத்துவதா, படுக்கவைப்பதா?

கேள்வி: வீட்டு ஸ்பீக்கருக்குள் ஹார்ன் ட்வீட்டரைக் கொண்டுவந்தது யார்? செவ்வக வாய் உள்ள ட்வீட்டரை நிறுத்தி வைக்க வேண்டுமா, படுக்கவைக்க வேண்டுமா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: சினிமா தியேட்டரில் திரைக்குப் பின்னால் இருந்த ஹார்னை வீட்டுக் கூடத்தில் நிலைக்கவைத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பால் கிளிப்ஷ். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், ஹோப் என்ற சிற்றூரில் 1946-ல் கம்பெனி தொடங்கினார். அறையின் மூலைச் சுவர்களையே ஹார்னின் நீட்சியாக்கிக்கொள்ளும் கிளிப்ஷ்ஹார்ன் அவருடையது. அதே ஊரில் அதே வருடம் பிறந்தவர் பில் கிளிண்டன். சாக்ஸபோன் வாசித்த அந்த ஜனாதிபதி ஊரின் மானத்தைக் காப்பாற்றிவிட்டார்!

வரலாறு இது போதும். உங்கள் இரண்டாவது கேள்விதான் அருமையானது. வாய் எந்தப் பக்கம் அகலமோ அந்தப் பக்கம்தான் சத்தமும் அகலமாகப் பரவும் என்று டார்ச் லைட்டை நினைத்துக்கொண்டு எல்லாரும் நம்புகிறார்கள். பாதி நேரம் நடப்பது நேர் எதிர்.

பிளஸ் டூ இயற்பியலில் விளிம்பு விளைவு படித்திருப்பீர்கள். பிளவு எவ்வளவு குறுகலோ, அதைத் தாண்டும் அலை அவ்வளவு விரியும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 செ.மீ.; 10,000 ஹெர்ட்ஸுக்கு 3.4 செ.மீ. ட்வீட்டரின் வாய் இந்த அளவுகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் குறுகிய பிளவு வாய் கொண்ட ட்வீட்டரை நீளப் பக்கம் செங்குத்தாக நிறுத்தினால்தான் ஒலி இடமும் வலமும் பரவும். எலக்ட்ரோ-வாய்ஸ் கம்பெனியின் பிளவு ஹார்ன்கள் இந்தக் கணக்கில் பிறந்தவை. அவர்களுடைய டி35 ட்வீட்டரை வாங்கி, கே-77 என்று பெயர் வைத்து கிளிப்ஷ்ஹார்னில் பொருத்தினார் கிளிப்ஷ். அதில் அது படுத்திருக்கும். மூலையில் நிற்கும் பெட்டி 90 டிகிரிக்குள் பாடினால் போதும், அங்கே அது ஒத்துப்போகிறது. நம் வீட்டு நீளச் சுவரில் அதைக் காப்பியடிக்காதீர்கள்.

பக்கச் சுவர்கள் இருபுறமும் நன்றாக விரிந்த ஹார்ன் வேறு ஜாதி. அதைப் படுக்கவைப்பதுதான் முறை. ஆனால் அதிலும் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. எலக்ட்ரோ-வாய்ஸில் வேலை பார்த்த டி.பி. கீல் 1975-ல் ஒரு எளிய கணக்கைத் தந்தார். ஹார்னின் கோணத்தை டிகிரியிலும் வாயின் அளவை அங்குலத்திலும் எடுத்துப் பெருக்குங்கள். பத்து லட்சத்தை அதனால் வகுங்கள். மேலிருந்து கீழே எத்தனை ஹெர்ட்ஸ் வரை ஹார்ன் ஒலியைத் தன் பிடியில் வைத்திருக்கும் என்பது வந்துவிடும். 11 அங்குல அகலம், 90 டிகிரி என்றால் கீழே ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸ் வரை பிடி உண்டு. அதே ஹார்ன் 4 அங்குலம்தான் உயரம், மேல்கீழ்க் கோணம் 40 டிகிரி என்றால்? 6,250 ஹெர்ட்ஸிலேயே பிடி நழுவிவிடும்! 2,000 ஹெர்ட்ஸுக்கு வரும்போது மேலும் கீழும் சுமார் 125 டிகிரி, பக்கவாட்டில் 90 டிகிரி. பாடகியின் குரல் சோபாவுக்கு வருவதைவிட விட்டத்துக்கும் தரைக்கும் தாராளமாகப் போகும். பார்க்க லட்சணமாக இருக்கிறதென்று தட்டையான ஹார்னை வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். எஃப்.எம். ரேடியோவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் வருமே, அதை வையுங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் இடமிருந்து வலமாக நடங்கள். பிறகு உட்கார்ந்து எழுந்திருங்கள். எந்த இடத்தில் இரைச்சல் மங்குகிறதோ அங்கே ட்வீட்டர் உங்களைக் கைவிட்டுவிட்டது. ஸ்பீக்கர் பீரோவின் மேல் இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். அதை முதலில் கீழே இறக்குங்கள்! உட்கார்ந்தவர் காது உயரத்தில் ட்வீட்டர் இருக்க வேண்டும் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

கேள்வி: இரண்டு பீசோ ட்வீட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெளிவு கூடுமா? (ஒரு வாசகி, விருதுநகர்)

பதில்: கூடாது அம்மா. இரண்டுக்கும் நடுவே 10 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். நேர் எதிரே இருப்பவருக்குச் சரியாகக் கேட்கும். 10 டிகிரி விலகினால், 10,000 ஹெர்ட்ஸில் ஒன்றின் அலை மேடும் மற்றதன் பள்ளமும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டரை மீட்டர் தூரத்தில் 10 டிகிரி என்பது 44 செ.மீ., அதாவது அடுத்த நாற்காலி! வீட்டுக்காரருக்குக் கேட்கும் ஜால்ரா உங்களுக்குக் கேட்காது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். அப்போது இந்தச் சண்டை மேலும் கீழும் நடக்கும். நாம் ஒருவர் தோளில் ஒருவர் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதில்லை.

கேள்வி: ஹார்ன் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த ஹெச்.எம்.வி. நாய் நிஜமா? (மாணவர், தஞ்சாவூர்)

பதில்: நிஜம். நிப்பர் என்று பெயர், இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஊர்க்காரன். 1895-லேயே இறந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஃபிரான்சிஸ் பாரோ என்ற ஓவியர் அந்தப் படத்தை வரைந்தார். முதலில் வரைந்தது எடிசனின் உருளை ஃபோனோகிராஃபை. அதன் கறுப்பு ஹார்ன் படத்தை இருட்டடிக்கிறதே என்று, பார்த்து வரைய ஒரு பித்தளை ஹார்ன் கேட்டு கிராமஃபோன் கம்பெனிக்குப் போனார். மெஷினையே எங்களுடையதாக மாற்றி வரைந்தால் படத்தை வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். மாற்றினார். 1899-ல் படத்துக்கு 50 பவுண்டு, காப்புரிமைக்கு 50 பவுண்டு கிடைத்தது.