லூபஸ் நோயை எப்படிக் கண்டறிகிறார்கள்?

விடாத காய்ச்சல், மூட்டு வலி, முடி கொட்டுதல், வாய்ப்புண், வெயில் பட்டால் கன்னங்களில் சிவப்பு. நம் வீட்டுப் பெண்கள் இவற்றை மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்வதை நாம் பார்க்கிறோம். இது லூபஸாகவும் இருக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய் இது. பாதிக்கப்படும் 10 பேரில் 9 பேர் பெண்கள்.

ஒரே பரிசோதனையில் இது முடிவாகாது. முதலில் மருத்துவர் விசாரித்து, உடலைப் பார்ப்பார். பிறகு ஏ.என்.ஏ. இரத்தப் பரிசோதனை. நெகட்டிவ் என்றால் லூபஸுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. பாசிட்டிவ் என்பதாலேயே லூபஸ் என்றும் ஆகாது. நலமாக இருப்போர் சிலருக்கும் அப்படி வரும். ஆகவே வேறு இரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்பது மிக முக்கியம். சிறுநீரகம் வலியில்லாமலே கெடும்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதியினர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டலாம். புதுச்சேரி ஜிப்மரில் இதற்கெனத் தனித்துறை உண்டு. பழைய ரிப்போர்ட்டுகளைக் கொண்டுபோங்கள். கருச்சிதைவு நடந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

நிக்காஹ் தடைப்படுமென்று மகளின் நோயை மூடிவைக்காதீர்கள். இது தொற்றாது. மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம். நோன்பு வைக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். அல்லாஹ் அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.