அருகினிற் சேய்மை

பெருநகரின் இரவையே தம் பகலாகக் கொண்டு வாழ்வார் சிலரைப் பற்றியது, ஹாங்காங் இயக்குநர் வாங் கார்-வாய் 1995-ஆம் ஆண்டில் அளித்த ‘வீழ்ந்த தூதர்’ என்னும் திரைப்படம். முந்திய ஆண்டில் வெளிவந்த ‘சுங்கிங் எக்ஸ்பிரஸ்’ படத்தின் மூன்றாங் கதையாக முதலில் எண்ணப்பெற்றதே பின்னர்த் தனிப்படமாக விரிந்தது.

கூலிக்குக் கொலைபுரிவான் ஒருவன். அவனுக்குத் தொழில் ஏற்பாடு செய்வாள் ஒருத்தி. பிறர் பூட்டிச்சென்ற கடைகளை நள்ளிரவில் திறந்து தன்னுடையனபோல் வாணிகம் நடத்தும் ஊமை இளைஞன் ஒருவன். (இளமையில், நாட்சென்ற அன்னாசிப்பழத் தகரத்தை உண்டு பேச்சிழந்தானாம்!) கதையை மட்டும் பிரித்தெடுத்துக் கூறின் எஞ்சுவது சிறிதே. பொருளெல்லாம் காட்சிமுறையில் உள்ளதென்பது எம் துணிபு.

ஒளிப்பதிவாளர் கிறிஸ்டோபர் டாயில் மிக அகன்ற கோணமுடைய வில்லையைப் பெரிதும் கையாண்டுள்ளார். அவ்வில்லை அண்மையிலுள்ளதைப் பெருக்கிக் காட்டும்; சற்றே பின்னுள்ளதையும் நெடுந்தொலைவிற்குத் தள்ளிவிடும். தொடக்கக் காட்சியை நோக்குக. அப்பெண்ணின் முகம் திரையை அடைத்து நிற்கின்றது. ஒரே அறையில் அவளுக்குப் பின்னமர்ந்தவனோ வேற்றூரில் இருப்பான்போற் சிறுத்துத் தோன்றுகின்றான். இருவரும் நெடுநாள் தொழிற் கூட்டாளிகள். எனினும் சந்திப்பது அரிது. அவன் இல்லாத வேளையில் அவன் அறையைத் துப்புரவு செய்து, குப்பையை ஆராய்ந்தே அவள் அவனை அறிகின்றாள். உரையாடல் உணர்த்த வேண்டிய இந்நிலையை வில்லையே உணர்த்திவிடுகின்றது.

கொலையை அழகுபடுத்தினர் என்று குறைகூறுவாரை நாம் எளிதில் மறுத்தற்கில்லை. துப்பாக்கிச் சண்டைகள் இசையோடு இயைந்தோடுகின்றன. மாண்டவர் எவர், அவரை இழந்தோர் எவர் என நாம் அறியோம். இஃது இப்படத்தின் குறையே.

ஆயினும் அதன் மறுபாதியில் மரணம் வேறுவகையாக வருகின்றது. ஊமை இளைஞன் தன் தந்தையை ஒரு சிறு ஒளிப்பதிவுக் கருவியாற் படமெடுக்கின்றான். தந்தை சினந்து விலகுகின்றார்; பின்னர் இரவில் ஒருவரும் அறியாமல் அப்பதிவைப் பார்த்துத் தாமே நகைக்கின்றார். அவர் இறந்தபின் மகனுக்கு எஞ்சுவது அப்பதிவே. அதனையே அவன் மீண்டும் மீண்டும் காண்கின்றான். ஒப்பனை யாதுமற்ற, மங்கிய அப்படத்தின் முன் ஏனைய காட்சிகளின் பகட்டெல்லாம் ஒளி குன்றுகின்றது.

இறுதியில், தனித்துவிட்ட அப்பெண்ணை இளைஞன் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச்செல்கின்றான். அவள் அவன் முதுகிற் சாய்ந்திருக்கின்றாள். சுரங்கப்பாதை கடந்ததும் கட்டடங்களின்மேல் விடிவானம் சிறிதே தென்படுகின்றது.