புல்வெளி தரிசு நிலமல்ல

பருவமழை தொடங்கினால் போதும், மரக்கன்றுகளோடு நீலகிரிக்குக் கிளம்பி வந்துவிடுகிறார்கள். வருகிறவர்கள் நல்லவர்கள்தாம். ஆனால் "மலை மொட்டையாகக் கிடக்கிறது, மரம் நட்டால் பூமி குளிரும்" என்று ஒவ்வோர் ஆண்டும் அதே பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

நம்பிக்கை: மரமில்லாத மலை, அழிக்கப்பட்ட காடு.

உண்மை: தவறு, அதுவும் ஆபத்தான தவறு. நீலகிரி, பழனி, ஆனைமலை உச்சிகளில் பள்ளத்தில் சோலையும் மேட்டில் புல்லுமாக இருப்பது இயற்கையான அமைப்பு. நீலகிரிச் சதுப்புகளில் மக்கிப் படிந்த மண்ணை ஆராய்ந்து சூழலியலாளர் ஆர்.சுகுமார் குழுவினர் 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்திருக்கிறது. காலநிலை மாற மாற, புல்லும் சோலையும் மாறி மாறிக் கூடிக் குறைந்திருக்கின்றன. மேட்டில் இறங்கும் உறைபனி சோலை மரக் கன்றுகளைக் கருக்கிவிடும், புல் தாங்கும்.

வெள்ளைக்காரர்கள் இதைத் தரிசு என்று எழுதிவைத்து, ஆஸ்திரேலியாவின் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில்) நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் விறகு, தோல் பதனிடும் பட்டை, ரேயான் கூழ் என்று சொல்லி மலை மலையாக நட்டோம். பழனி மலையில் 40 ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு தோப்புக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது என்று 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் தோடர்கள் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேயப் புல் எடுப்பதும் இங்கேதான்.

தண்ணீர்க் கணக்கையும் பாருங்கள். ஊட்டியிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் நீலகிரியின் கிளன்மார்கனில் இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் ஒன்றைப் புல்லாகவே விட்டது. மற்றதில் பாதிக்கு மேல் கற்பூர மரம் நட்டது. முதல் 10 ஆண்டுகளில் மரம் நட்ட பக்கத்தில் நீர்வரத்து சுமார் 16% குறைந்தது. மாயாற்றுக்கும் பவானிக்கும் தண்ணீர் கொடுக்கிற மலை இது!

"கரிமத்தையாவது மரம் பிடித்துவைக்குமே" என்பார்கள். புல்வெளியும் பிடித்துவைக்கிறது, பெரும்பகுதியை மண்ணுக்குள். மேலே தீ பட்டாலும் அது தப்பும். 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை, உலகில் 90 கோடி ஹெக்டேரில் மரம் வளர்க்கலாம், 20,500 கோடி டன் கரிமம் அதில் அடங்கும் என்றது. ஊடகங்கள் கொண்டாடின. அதே ஆண்டு, அதே இதழில் விஞ்ஞானிகள் பலர் சேர்ந்து மறுத்தார்கள்: புல்வெளிகளைக் காலி இடமாக எண்ணியது பிழை, கணக்கு சுமார் 5 மடங்கு மிகை என்று. அந்த மறுப்பை எத்தனை பேர் படித்தார்கள்?

மரங்களைப் பற்றிச் சுற்றுகிற வேறு சில நம்பிக்கைகளையும் பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: அரச மரம் இரவிலும் ஆக்ஸிஜன் தரும்.

உண்மை: வெளிச்சமில்லாமல் எந்த மரமும் ஆக்ஸிஜன் வெளியிடாது. இதைப் பகிர்வதை நிறுத்துங்கள்.

நம்பிக்கை: உலகின் ஆக்ஸிஜனில் 20% அமேசான் காட்டிலிருந்து வருகிறது.

உண்மை: அந்தக் காடு உண்டாக்குவதில் ஏறக்குறைய முழுவதும் அதன் சுவாசத்துக்கும் இலைதழை மக்குவதற்குமே செலவாகிவிடுகிறது. கரிமத்துக்காகவும் மழைக்காகவும் உயிரினங்களுக்காகவும் அமேசானைக் காக்க வேண்டும்.

நம்பிக்கை: மரம் நட்டால் புகையை ஈடுகட்டிவிடலாம்.

உண்மை: வளர்ந்த மரம் ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கரியமில வாயுவை எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியா ஆண்டுக்கு ஏறக்குறைய 300 கோடி டன் வெளியிடுகிறது. அதற்கு 15,000 கோடி வளர்ந்த மரங்கள் வேண்டும். நிலம் எங்கே இருக்கிறது? நிலக்கரியைக் குறைக்காமல் கன்று நடுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

மரமே நடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஊர் ஏரிக்கரையில், பள்ளியில், சாலையோரத்தில் நாட்டு மரங்களை நட்டு, மூன்று கோடை தண்ணீர் ஊற்றுங்கள். மலையில் தேவைப்படுவது வேறு வேலை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒருமுறை வெட்டினால் தீராது, முளைக்க முளைக்கப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்தில் வைக்க மலைப்புல் வேண்டும். ஆகவே மலைமேல் உள்ள ஒவ்வொரு வனச்சரகத்திலும் புல் நாற்றங்கால் அமையுங்கள். மரக்கன்றுக்கு ஒதுக்குவதில் ஒரு பங்கையாவது அதற்குக் கொடுங்கள். எத்தனை கன்று நட்டோம் என்று பலகை வைப்பதைவிட, எத்தனை ஏக்கர் புல்லை மீட்டோம் என்று கணக்குக் காட்டுங்கள்.

அடுத்த மழைக்கு மலைக்கு வருவதென்றால் கன்று கொண்டுவராதீர்கள். வனத்துறையிடம் அனுமதி கேட்டு, சீகை பிடுங்க வாருங்கள்.