அமலம் என்னுஞ் சொற்பொருள்

அழுக்கு ஒருசிறிதுமில்லாத தூய்மையைக் குறிக்க நம் சமய நூல்கள் வழங்குஞ் சொற்களுள் அமலம், விமலம், நின்மலம் என்பன சிறந்தன. மலம் என்னும் வடசொல்லின்முன் அ, வி, நிர் என்பன இன்மைப் பொருள்படச் சேர்ந்து இவை பிறந்தன. நிர்மலமே தமிழில் நின்மலம் என நின்றது. உலக வழக்கில் மலமென்பது உடற்கழிவு. சாத்திர வழக்கிலோ உயிரின் அறிவை மறைக்கும் மாசு. இவ்வேறுபாடு மாணாக்கர் முதற்கண் அறியற்பாலது.

பிறமொழியாரும் இவ்வாறே சொல்லாக்கினர். ஆங்கிலத்தில் மாசற்றதென்று பொருள்படும் 'இம்மாக்குலேற்' என்பது, கறையைக் குறிக்கும் 'மாக்குலா' என்னும் இலத்தீன் சொல்லோடு எதிர்மறை கூடியதாம். உரோமாபுரியில் ஒன்பதாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர் 1854ஆம் ஆண்டு மரியன்னையைக் குறித்து நிலைநாட்டிய கோட்பாட்டைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'அமலோற்பவம்' என்பர். அது அமல, உற்பவம் என்பவற்றின் புணர்ச்சி. தூய்மையைச் சொல்லப் புகுந்தார் யாவரும் கறையின் இன்மையையே சொன்னமை காண்க.

இனி, இச்சொல் யாருக்குப் பொருந்தும்? சித்தாந்தத்தின்படி இயல்பாகவே பாசங்களின் நீங்கியவன் இறைவன் ஒருவனே. ஆதலின் அவனே நின்மலன். உயிர்களோ செம்பிற் களிம்புபோல அநாதியே ஆணவத்தோடு கூடியவை. இதற்கு விலக்காகிய குலமுமில்லை, குடியுமில்லை. அம்மலம் நீராற் கழுவப்படுவதன்று; திருவருளால் நீங்குவது.

அப்புத்தளைத் தோட்டங்களிலே கொழுந்து பறிப்பாருடைய விரல்களில் இலைச்சாறு கருங்கறையாய்ப் படிகின்றது. அது பீலித் தண்ணீரிற் கழுவக் குறையும் உழைப்பின் கறை, மலமன்று. லயத்து வாசலைக் கூட்டித் தெளித்தல் துப்புரவு. அது வேண்டியதே, ஆயினும் அமலமாகாது. புறத்தூய்மை நீரால் அமையும், அகத்தூய்மை வாய்மையால் விளங்கும் எனத் திருக்குறளும் இவ்விரண்டையும் பிரித்தே கூறிற்று.

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையால் விளைந்த கேடு பெரிது. சாதி பற்றி ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கிய சட்டம் இலங்கையில் 1957ஆம் ஆண்டு வந்தபின்னரும், 1968ஆம் ஆண்டு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுள் வழிபடச் சென்ற அடியார் வாயிலிலே தடுக்கப்பட்டனர். தடுத்தோர் தூய்மை கெடுமென்றனர். எவருடைய தூய்மை? நின்மலனுக்கு மாசு ஏறுவதில்லை. மற்றையோர் அனைவரும் முன்னரே மலமுடையோர்.

'யாம் தூயேம், அவர் தூயரல்லர்' என்னும் எண்ணமே ஆணவத்தின் தொழில். ஆதலின், மாணாக்கர்களே, நின்மலா என்று இறைவனை அழைக்குந்தோறும் நம் மலத்தை நினைமின். அயலார் கைக்கறையை எண்ணாதொழிமின். அதுவே இச்சொல்லைப் பொருளறிந்து வழங்குமுறையாம்.