எந்த லைசென்ஸ் என்று கேளுங்கள்

கேள்வி: டாக்டர் ஐயா, என் வீட்டுக்காரர் சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை வேலை பார்த்தார். இரண்டு வருசத்துக்கு முன் பக்கத்து ரூம் வெடித்ததில் கூட வேலை பார்த்தவர்கள் இறந்துவிட்டார்கள். இவருக்குக் கையில் மட்டும் தீக்காயம், அதுவும் ஆறிவிட்டது. ஆனால் ராத்திரி தூக்கமில்லை. எங்காவது சரம் வெடித்தால் உடம்பெல்லாம் நடுங்குகிறது. ஆலை இருக்கும் சாத்தூர் ரோட்டில் பஸ்ஸில்கூடப் போக மாட்டேன் என்கிறார். இப்போது தினமும் குடி. மாமியார் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறார். சிவகாசியில் ‘மனநல ஆலோசகர்’ என்று போர்டு போட்ட ஒருவர், இருபது தடவை வர வேண்டும், மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டினால் நூறு சதவீதம் சரியாக்கித் தருகிறேன் என்கிறார். இன்னொரு போர்டில் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருக்கிறது. யாரிடம் கூட்டிப் போவது?
— ஒரு வாசகி, திருத்தங்கல்

பதில்: அம்மா, உங்கள் வீட்டுக்காரருக்கு வந்திருப்பது கோழைத்தனமும் இல்லை, செய்வினையும் இல்லை. கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாதுதான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதெல்லாம், சாவைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு வரும் பேரதிர்ச்சி நோயின் அடையாளங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி என்று ஒவ்வொரு பட்டாசு ஆலை விபத்துக்குப் பிறகும் இறந்தவர்களையும் காயம்பட்டவர்களையும் கணக்கெடுக்கிறார்கள். தப்பி வந்து வீட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும் ஆட்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அது எனக்குப் பெரிய வருத்தம்.

யாரிடம் கூட்டிப் போவது என்று கேட்டீர்கள். பட்டாசு ஆலை லைசென்ஸ் விஷயத்தை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ் என்று எந்த ஆலை எந்த ரகம் என்பது கூலிக்குப் போகிறவர்களுக்கும் தெரியும். அதே மாதிரி மனநலத் துறையிலும் படிகள் இருக்கின்றன. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே எம்.டி., டி.பி.எம். அல்லது டி.என்.பி. படித்தவர். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். நோயைக் கண்டறிந்து மாத்திரை எழுதுவது அவர் வேலை. மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மாத்திரை எழுத மாட்டார். பேச்சு வழிச் சிகிச்சையில் முறையாகப் பயிற்சி பெற்றவர். பெரும்பாலும் எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி.க்கு மேல், மருத்துவமனையில் இருந்தே படிக்கும் இரண்டு வருட எம்.ஃபில். முடித்திருப்பார். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலான ஆர்.சி.ஐ.யின் மத்தியப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும். மனநலச் சமூகப் பணியாளர்களும் குடும்பத்துக்குப் பெரிய துணை.

‘ஆலோசகர்’ என்ற படியில்தான் சிக்கல். எம்.எஸ்ஸி. படித்து, மூத்தவர்களின் மேற்பார்வையில் வருடக்கணக்கில் வேலை பார்த்த நல்ல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சில வார டிப்ளமா வாங்கியவரும் அதே போர்டைப் போடலாம். இவர்களைப் பதிவுக்குள் கொண்டுவர 2021இல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. அது இன்னும் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. பெயருக்கு முன்னால் உள்ள ‘டாக்டர்’ பட்டம் வேறு ஏதோ பாடத்தில் வாங்கிய பி.எச்டி.யாகவும் இருக்கலாம். எதில் டாக்டர் என்று கேளுங்கள். பதிவு எண்ணை வாங்கி, பிள்ளைகளை விட்டு உரிய கவுன்சிலின் இணையதளத்தில் தேடச் சொல்லுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறவரிடம் போக வேண்டாம். ஒருவர் லைசென்ஸில் வேறொருவர் ஆலை நடத்தும் உள்குத்தகை எவ்வளவு ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியும். இங்கும் சுவரில் ஒருவர் சான்றிதழ் தொங்க, நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கும் இடங்களும் உண்டு.

முன்பணம் கேட்டவரிடம் கட்ட வேண்டாம். நூறு சதவீதம் என்று பொறுப்புள்ள யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த நோய்க்கான பேச்சுச் சிகிச்சை பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு அமர்வுகள். ஆளைப் பொறுத்துக் கூடலாம். அதை யாராலும் முதல் நாளே அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

சத்தம் கேட்காத நாளே இல்லாத ஊரில் இருக்கிறீர்கள். ‘ஊரை விட்டுப் போய்விடுங்கள்’ என்பவரும் ‘வெடிக்குப் பக்கத்தில் போய் நில், பயம் தெளிந்துவிடும்’ என்பவரும் இந்தச் சிகிச்சை தெரியாதவர்கள். தெரிந்தவர் முதலில் அவரைத் தூங்க வைப்பார், மூச்சையும் உடம்பையும் தணிக்கக் கற்றுக்கொடுப்பார். அன்று நடந்ததை அவர் வாயாலேயே, அவரால் தாங்க முடிந்த அளவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வைப்பார். ‘நான் பிழைத்தேன், அவர்கள் போய்விட்டார்களே’ என்ற குற்ற உணர்வையும் தொடுவார். குடிக்கு அடியில் பல நேரம் இருப்பது அதுதான். அதன் பிறகே சாத்தூர் ரோட்டில் ஒரு ஸ்டாப், பிறகு இரண்டு ஸ்டாப். விபத்தில் தப்பியவர்களுக்குச் சிகிச்சை கொடுத்திருக்கிறீர்களா, எந்த முறையில் என்று முதல் நாளே கேளுங்கள்.

தினமும் குடிப்பதால், நீங்கள் முதலில் போக வேண்டியது மனநல மருத்துவரிடம். பழகிய குடியை வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மெடிக்கலில் தானாக வாங்கும் தூக்க மாத்திரையும் குடியும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. மாவட்ட மனநலத் திட்டக் குழு சிவகாசி அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறது என்று விசாரியுங்கள். அவர் வர மறுத்தால் 14416க்கு நீங்களே கூப்பிடுங்கள். அது அரசின் டெலி மானஸ் சேவை, எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். ‘நானும் அன்றைக்கே போயிருக்கலாம்’ என்கிற மாதிரி அவர் பேசினால் கிழமை பார்க்க வேண்டாம், அன்றே கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள். பேசியது வெளியே தெரிந்துவிடும் என்று அவர் பயந்தால், 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது என்பதைச் சொல்லுங்கள்.

இருக்கன்குடி நேர்த்திக்கடன் அப்படியே இருக்கட்டும், மாமியாருக்கு அது தெம்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தீக்காயச் சிகிச்சைச் சீட்டு, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், எவ்வளவு குடிக்கிறார் என்ற உண்மையான அளவு, இவற்றைக் கொண்டு போங்கள். உங்கள் தூக்கம் எப்படி என்று நீங்கள் எழுதவே இல்லை. அன்றைக்கே உங்கள் பெயரிலும் ஒரு சீட்டுப் போடுங்கள்.