புள்ளிக் குதிரையும் வியாபார நாணயமும்

குதிரை வியாபாரம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து வந்து இறங்கின. காயல் பட்டினம் அவ்வியாபாரத்தால் செழித்தது. அதைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்கிறார். குதிரைக்கு வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே வந்துவிடாதபடி விற்பவர்களே தடுத்து வந்தார்களாம். பழைய குதிரை செத்தால்தானே புதியது விலை போகும்! அது உண்மையாயின், அவர்களுக்கு லாபம் கிடைத்திருக்கும், பரக்கத் கிடைத்திராது.

விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாத குறைதான் வியாபாரத்தில் சண்டைக்கு மூலம். இதற்குப் புள்ளிக் குதிரையைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

அமெரிக்காவின் வடமேற்கில் நெஸ் பெர்ஸே என்னும் பழங்குடி மக்கள் வளர்த்த அப்பலூசா, புள்ளிக்குப் பெயர் போன ஜாதி. புள்ளியைத் தரும் மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்த குதிரைக்குப் பிறவியிலேயே மாலைக்கண் இருக்கும். பகலில் பார்வையில் குறை தெரியாது. இருட்டிலோ அது குருடு. இதற்குச் சிகிச்சை இல்லை. அப்படிப்பட்ட குதிரை பெரும்பாலும் வெண்மை மிகுந்து, புள்ளி குறைந்து காணப்படும். எனவே கண்ணைக் கவரும் வெள்ளை நிறமே சில வேளைகளில் எச்சரிக்கையாகிவிடுகிறது. கண் அழற்சி அடிக்கடி வந்து பார்வையைப் பறிக்கும் நோயும் இந்த ஜாதியில் அதிகம்.

உள்ளூரில் வாங்குவதில் ஒரு வசதி உண்டு. நாம் நேரில் போய்ப் பார்க்கலாம். ஒரு முறைக்கு இரு முறை போகலாம். பகலில் ஒரு தடவை, மஃரிபுக்குப் பின் ஒரு தடவை போய், பழகாத இடத்தில் குதிரையை மெதுவாக நடத்திப் பார்க்க வேண்டும். தடுமாறுகிறதா, மிரளுகிறதா என்று கவனிக்க வேண்டும். கால்நடை மருத்துவரை நம் செலவில் நாமே அழைத்துச் செல்வது நல்லது. முடியை வேரோடு எடுத்து அனுப்பினால் மரபணுச் சோதனையும் செய்து தருவார்கள்.

இனி மார்க்கச் சட்டம். வாங்குவதற்கு முன்பே இருந்த ஐபு, அதாவது குறை, பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. ஷாஃபி மத்ஹபின்படி, குறையைக் கண்டதும் தாமதமின்றித் திருப்ப வேண்டும். “எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல” என்று சொல்லி விற்றால் தப்பிவிடலாமா? அம்மத்ஹபில், பிராணியின் உள்ளே மறைந்திருந்து விற்பவருக்கே தெரியாத குறைக்குத்தான் அந்த நிபந்தனை செல்லும். தெரிந்து மறைத்ததற்குச் செல்லாது.

ஜார்ஜ் டவுன் வீதிகளில் குதிரை வண்டிகள் ஓடிய காலம் போய்விட்டது. இன்று குதிரை வாங்குவோர் நம்மில் மிகச் சிலரே. ஆனால் மேலே நல்ல அரிசியும் அடியில் நனைந்த அரிசியுமாக ஒரு மூட்டை நம் கடையிலும் இருக்கக்கூடும். வாங்க வருபவர் கேட்கும் முன் அதைச் சொல்லிவிடுவதே நாணயம். உள்ளூர் வியாபாரிக்கு முதலைவிடப் பெரியது அவருடைய பெயர். அதைக் கெடுத்துக்கொண்டவர் மறுநாளும் அதே தெருவில்தான் கடை திறக்க வேண்டும்.